வாடிவீட்டாரின் ஒரு சொல்

வாடிவீட்டாருக்கு எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும் என்று ஒரு மழைநாளில் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். இருநூறு தேறியது. அதில் நூற்றுத் தொண்ணூற்றொன்பதைத் தேவைக்கு எடுப்பார், தேவை முடிந்ததும் வைத்துவிடுவார். மிச்சமிருந்த ஒன்றைத்தான் நாள் முழுக்க வாயில் வைத்திருந்தார். பிளென்ரி. நிறைய இருக்கிறது, தாராளமாக இருக்கிறது என்பதற்கு ஆங்கிலேயர் சாதாரணமாகச் சொல்லுகிற சொல். எங்களிடம் எதுவுமே நிறைய இல்லாத அந்தக் காலத்தில், எங்கள் குடியிருப்பில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி, போர்க்காலம். கடற்கரையிலிருந்து அவரும் முரசுமோட்டையிலிருந்து நானும் அம்மாவும் வேறுவேறு வழியாக இடம்பெயர்ந்து, ஒரே காட்டோரத்தில் வந்து சேர்ந்தோம். நாற்பது குடிசைகள். சிலதுக்குக் கிடுகுக் கூரை, சிலதுக்குத் தறப்பாள். எல்லோரும் உரலையும் நெல் மூட்டையையும் கட்டிக்கொண்டு வந்தபோது அவர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தது ஒரு வெள்ளை மேசைவிரிப்பும் நீளக் காம்பு வைத்த ஒரு பரிமாறும் கரண்டியும். மேசை இல்லை. ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் விரிப்பை விரித்து வைத்திருந்தார். விரிப்பு பெட்டியை விடப் பெரிது, நாலு பக்கமும் மண்ணில் புரளும். கிழமைக்கு ஒருமுறை அதைத் தோய்த்துக் காயப்போடுவார்.

முல்லைத்தீவுக் கரையில் பயணிகள் தங்கிப் போகிற ஒரு வாடிவீட்டில் முப்பது வருடம் சமைத்தும் பரிமாறியும் இருந்தவர். அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் நிவாரண அட்டையில் இருந்தது. குடியிருப்பின் செயலாளர் என்ற முறையில் அதை நானே பதிந்திருப்பேன். இன்றைக்கு யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. மனைவி முன்னமே தவறிவிட்டார். ஒரு மகள் மன்னாரில் கட்டிக்கொடுத்திருந்தது. சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் காலையில் அப்பம் சுட்டுக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாகத் தேயிலையும் சீனியும் வாங்கிக்கொண்டு வருவார். அந்தத் தேயிலையும் சீனியும் அவர் குடித்ததை விட அடுத்தவர்கள் குடித்ததுதான் அதிகம். யார் அந்தப் பக்கம் போனாலும் கூப்பிடுவார். வேண்டாம், உங்களுக்குச் சீனி முடிந்துவிடும் என்று சொன்னால், கையை ஒருமுறை வீசிக் காட்டுவார்.

"பிளென்ரி."

தண்ணீர் எடுக்க வரிசையில் நின்றுகொண்டு கிணற்றில் தண்ணி இருக்கோ என்று கேட்டால் பிளென்ரி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதோ என்றால், நேரம் பிளென்ரி. அவர் காலிலே செருப்புக் கிடையாது, ஆனால் செருப்புத் தைக்கிறவர் இங்கே யாராவது இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், அதற்கும் அதுதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, பெண்பிள்ளைக்கு ஆகாத அளவுக்கு வாய் நீளம். "ஐயா, ராவெல்லாம் கடிக்கிற நுளம்பு எப்பிடி?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் யோசித்தார். "நுளம்புக்கு அந்தச் சொல்லுப் போடக்கூடாது பிள்ளை" என்றார்.

அம்மா ஆரம்பத்தில் அவர் கையால் ஒன்றும் வாங்கிக் குடிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, எட்டு ஏக்கர் வயலும் ஆசாரமுமாக வாழ்ந்தவள். அவரோ கரையோரத்து வேதக்காரர், கிறிஸ்தவர். அவர் தேத்தண்ணியை நீட்டும்போதெல்லாம் அம்மா இப்போதுதான் குடித்தேன் என்பாள். அவருக்குக் காரணம் விளங்கும். முப்பது வருடம் பரிமாறியவருக்கு யார் எதற்காக வேண்டாம் என்கிறார்கள் என்பது விளங்காமல் போகுமா? ஆனாலும் அடுத்த நாளும் நீட்டுவார். மூன்று மாதம் கழித்து, காய்ச்சலில் அம்மா எழும்பமாட்டாமல் கிடந்த அன்று, அவர் கொண்டுவந்த மல்லித் தண்ணியை வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டில் இல்லை.

ஒரு பகல், செல் குண்டு விழத் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பதுங்குகுழி பத்துப் பேருக்கு வெட்டியது, அதற்குள் பதினாறு பேர் நெருக்கியடித்து இருந்தோம். வாசலில் வாடிவீட்டார். வீதியால் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், இரண்டு பெரியவர்களும் ஒரு கைக்குழந்தையும், ஓடிவந்து இடமிருக்கோ என்று கேட்டது. உள்ளே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. "பிளென்ரி, வாங்கோ, வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே அவர் வெளியே இறங்கி அவர்களை உள்ளே விட்டார். பிறகு மண் அணையோடு அணையாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். எல்லாம் ஓய்ந்தபின் எழும்பி, சாரத்தில் ஒட்டின மண்ணைத் தட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இல்லாததை இருக்கிறது என்று சொல்கிற இந்த மனிதர் ஒருநாள் தானும் கெட்டு எங்களையும் கெடுப்பார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மழைநாள் என்று சொன்னேனே, அது இதற்குப் பிறகு. நான் படித்த காலத்து அகராதி ஒன்றை அரிசிச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அவருக்கு ஆங்கிலம் காதால் மட்டும்தான் வரும், எழுத்துத் தெரியாது. எனக்குக் கண்ணால் மட்டும்தான் வரும், பேச வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று சிரிப்போம். அன்று அவரைச் சீண்டுவதற்காக, அவருடைய சொல்லுக்கு ஒத்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். இத்தனை இருக்க ஏன் ஒன்றையே பிடித்துத் தொங்குகிறீர்கள் என்பது என் கேள்வி.

இனஃப் என்றேன். அது கணக்கெழுதுகிற கிளாக்கர்மார் சொல்லுவது, அளந்து பார்த்து, மட்டாக இருக்கிறது, இதற்குமேல் கேளாதே என்கிற சொல் என்றார். எ லொட்? அதைத் துரைமார் முறைப்பாட்டுக்குத்தான் வைத்திருந்தார்கள், நுளம்பு எ லொட், புழுதி எ லொட். சஃபிசியன்ற் என்பதைக் குளத்துத் தண்ணீரைப் பார்க்க வந்த இஞ்சினியர் ஒருவர் வாயில் கேட்டிருக்கிறார். அவர் அதைச் சொன்ன வருடம் தண்ணீர் காணவில்லை. ஏம்பிள் என்று ஒரு வயதான வெள்ளைக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு சொல்லுவாராம், போதும் போடாதே என்று அர்த்தம். அபண்டன்ற் என்று நான் வாசித்ததும் கையெடுத்து நிறுத்தினார். அது வேதக் கோயிலில் சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லுகிறது, கடவுளுக்குரியது, சமைக்கிற குசினிக்குள் கொண்டுவரக் கூடாது.

அப்படியென்றால் உங்கள் சொல் மட்டும் என்ன உசத்தி என்றேன்.

"இது பரிமாறுறவன்ர சொல்லுப் பிள்ளை. வாற ஆக்கள் களைச்சு வருவினம். இன்னும் கொஞ்சம் கேக்க வெக்கப்படுவினம். நீங்கள் கேளுங்கோ, ஒருத்தருக்கும் குறையாது எண்டு சொல்லுறதுக்குத்தான் இது."

தமிழில் அதற்கு என்ன என்று கேட்டார். நிறைய, கனக்க, தாராளம், எக்கச்சக்கம் என்று அடுக்கினேன். எக்கச்சக்கம் என்பது வைக்க இடமில்லாமல் முழிக்கிறவன் சொல்லுவது என்று தள்ளிவிட்டார். வேண்டியமட்டும் என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றார். அது நல்ல சொல், ஆனால் நீளம், கரண்டி கையில் இருக்கும்போது வாயில் வராது என்றார்.

அவருடைய இன்னொரு பழக்கத்தை நாங்கள் எல்லோருமே பிழையாக விளங்கிவைத்திருந்தோம். மத்தியானச் சமையல் முடிகிற நேரமும் பொழுதுபடுகிற நேரமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குடிசைகளுக்கு நடுவால் மெல்ல நடப்பார். நிற்கமாட்டார், ஒருவரையும் எட்டிப் பார்க்கமாட்டார். வாடிவீட்டார் மோப்பம் பிடிக்க வெளிக்கிட்டுவிட்டார் என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். தனி ஆள், யாராவது சாப்பிடக் கூப்பிடமாட்டார்களா என்று வருகிறார் போலும் என்றுதான் நானும் நினைத்தேன். கூப்பிட்டால் வரமாட்டார் என்பது மட்டும் இந்தக் கணக்கில் இடித்தது.

அந்த மழைநாளில்தான் அதற்கும் விடை கிடைத்தது. வாடிவீட்டில் குசினி பின்பக்கம், சாப்பாட்டு மண்டபம் முன்பக்கம். விருந்தாளிக்கு முன்னால் நின்றுகொண்டு ஓடிப்போய்ப் பானையைப் பார்த்து வர முடியாது. அதனால் அகப்பைச் சத்தத்தைக் கேட்டே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லப் பழகிவிட்டாராம். நிறைந்த பானைக்குள் அகப்பை போகும்போது சத்தமே வராது, தொம் என்று ஒரு அமுக்கம் மட்டும். பாதிக்குக் கீழே போனால் விளிம்பில் தட்டும். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டினால் காகம் கத்துகிற மாதிரி.

"சுரண்டுற சத்தம் கேட்டா விருந்தாளியிட்ட என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்டேன்.

"அப்பவும் பிளென்ரிதான். குசினிக்குள்ள நிக்கிற நாங்கள் பிறகு பாப்பம்."

இதை நான் ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டேன். அம்மாவுக்கும் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம்தான் எங்களுக்கு அரிசியும் பருப்பும் தந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நிலைமையைப் பார்க்க வந்தாள். வெயிலில் சிவந்த முகமும் ஆண்கள் போடுகிற சப்பாத்துமாக, நல்ல மனுசி. மொழிபெயர்க்க வரவேண்டியவர் வவுனியாவில் தடைபட்டுவிட்டார். வாகனமோட்டியை விட்டால் அவளோடு வேறு ஆளில்லை. குடியிருப்பில் ஆங்கிலம் பேசக்கூடியவர் வாடிவீட்டார் ஒருவர்தான். அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

அவள் வீடு வீடாகப் போய்ப் பாயில் உட்கார்ந்து, சாப்பாடு போதுமா என்று கேட்டாள். இந்த இடத்தில் எங்கள் சனம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலுக்கு வந்தவர் அரிசி இருக்கிறதா என்று கேட்டால், அவருக்குப் பசிக்கிறது, எங்களுக்குக் கரைச்சல் கொடுக்க யோசிக்கிறார் என்றுதான் எங்களுக்கு விளங்கும். இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பாது. அம்மா அவளுக்குப் பாயைத் தட்டிப் போட்டு, "எங்களுக்கு ஒரு குறையுமில்லை, கனக்க இருக்கு, இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள். வாடிவீட்டார் அதை அவளிடம் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். பிளென்ரி, மேடம். அன்று எட்டு வீடு பார்த்தாள், எட்டு வீட்டிலும் அதையே கேட்டு அதையே எழுதினாள். வாகனம் புறப்பட்டபோது எல்லோரும் கை காட்டினோம். ஒரு சோதனையை நன்றாக எழுதிவிட்டு வந்த மாதிரித்தான் எனக்கும் இருந்தது.

அடுத்த மாதம் அரிசி பாதிதான் வந்தது. கூடவே ஒரு கடிதம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கூடியிருந்த ஆட்களுக்கு நான் அதை வாசித்துச் சொன்னேன். உங்கள் குடும்பங்களே தங்களுக்கு உணவு தாராளமாக இருப்பதாகச் சொல்கின்றன, ஆகவே உங்கள் பங்கில் பாதியை இதைவிடக் கஷ்டமான இடத்துக்கு அனுப்புகிறோம் என்று இருந்தது. தாராளம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் என்ன போட்டிருக்கிறது என்று வாடிவீட்டார் கேட்டார். சொன்னேன். எங்கே என்று கேட்டு வந்து பக்கத்தில் குந்தினார். நான் விரல் வைத்த இடத்தில் அவரும் விரலை வைத்தார். முப்பது வருடம் வாயில் வைத்திருந்த சொல்லை அவர் எழுத்தில் பார்த்தது அன்றுதான்.

"உம்மட வாயாலதான் எங்கட சோத்தில மண் விழுந்தது" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. அம்மா மட்டும், நாங்கள் சொன்னதைத்தானே அவர் சொன்னார் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் ஆட்கள் வேலையிருக்கு என்று போனார்கள். வெள்ளை விரிப்பு பெட்டியின் மேல் மடித்தபடியே கிடந்தது.

அரிசி பாதியாகி ஒரு மாதம் கழித்து வீடுகளில் என்ன நடந்தது என்று நான் விவரிக்கப் போவதில்லை. பாலைப்பழமும் காட்டுக் கீரையும் இருந்ததால் தப்பினோம். எங்கள் வீட்டில் ஒரேயொரு புதுப் பழக்கம் வந்தது. நான் செயலாளர் வேலை முடித்து வரும் முன்பே அம்மா இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவாள். எனக்குப் போட்டுத் தருவாள். உங்களுக்கு என்று கேட்டால், முதலே சாப்பிட்டேன், இன்னும் இருக்கு, வேண்டுமென்றால் திருப்பிப் போடுகிறேன் என்று உள்ளே போய் அகப்பையால் பானையைத் தட்டிக் காட்டுவாள். என்னை விட்டுவிட்டுக் களவாகச் சாப்பிடப் பழகிவிட்டீர்கள் என்று நான் அவளைக் கேலி செய்திருக்கிறேன். சிரிப்பாள்.

திரும்ப வந்து பார்க்கச் சொல்லி அந்த வெள்ளைக்காரிக்கு அகராதியின் துணையோடு கடிதம் எழுதினேன். வருகிறேன் என்று பதில் வந்தது, அந்தப் பெரியவரே மொழிபெயர்க்கட்டும் என்றும் எழுதியிருந்தாள். இந்த முறையும் பிழையாகப் போனால் அந்தப் பாதி அரிசி நிரந்தரமாகப் போய்விடும். ஆகவே கூட்டம் வைத்தோம். கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தோம். பழகிப் பார்க்கலாம் என்று வாடிவீட்டாரை வெள்ளைக்காரியாகக் குடியிருப்பின் ஒரே கதிரையில் உட்கார வைத்தோம். ஒவ்வொருவராக வந்து இல்லை, இல்லை என்று பாடமாக்கினார்கள். அம்மாவும் இல்லை என்று திருத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "கனநேரமா இருக்கிறியள், தேத்தண்ணி வைக்கட்டோ?" என்று அவரிடம் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பல நாளைக்குப் பிறகு அவரும் சிரித்தார்.

வெள்ளைக்காரி வந்த அன்று, முதலாவது வீட்டிலேயே எங்கள் பாடம் கவிழ்ந்துவிட்டது. கதிரையில் இருந்த வாடிவீட்டார் வேறு, பாயில் களைத்துப்போய் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்ட அந்த மனுசி வேறு. வந்தவளை வீட்டுக்குள் இருத்திவிட்டு, முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அந்த வீட்டுக்காரியால் முடியவில்லை. இருக்கு என்றாள். இரண்டாவது வீட்டிலும் இருக்கு என்றார்கள். நான் வாசலில் நின்றேன். அவர் அவளிடம் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அரிசி போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது.

மூன்றாவது எங்கள் வீடு. இம்முறை நானும் உள்ளே போனேன். அம்மா பாயைத் தட்டிப் போட்டாள். வெள்ளைக்காரி கேட்டாள், வாடிவீட்டார் அதைத் தமிழில் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவளுடைய வெயிலில் கன்றிய முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்கென்ன, கனக்க இருக்கு. இவவையும் சாப்பிடச் சொல்லுங்கோ."

வாடிவீட்டார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். உடைந்த ஆங்கிலம். அதனால்தான் எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. இந்த வீட்டில் அரிசி நாளைக்கு மட்டும் இருக்கிறது, ஒரேயொரு சுண்டு அளவு. மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். இரவில் மகள் மட்டும். அம்மா பதினொரு நாளாக இரவில் சாப்பிடவில்லை. மகளிடம் சாப்பிட்டேன் என்று சொல்லுகிறார். மகளுக்குத் தெரியாது.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். வெறும் பானை, மேடம் என்றார்.

மகளுக்குத் தெரியாது. அந்த மகள், நான், பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். குடியிருப்பின் நாற்பது வீட்டுக் கணக்கையும் எழுதுகிறவள், என் வீட்டில் நடந்ததை ஒரு வேற்று மனிதர் இன்னொரு மொழியில் சொல்லித்தான் அறிந்தேன். பதினொரு நாளும் நான் அடித்த பகிடி முழுக்க ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அம்மா ஒன்றும் விளங்காதவளாக இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரி பேனையை மூடிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

முன்பு பார்த்த அதே எட்டு வீட்டில் மிச்ச ஐந்திலும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் இருக்கு என்றார்கள். அவர் ஒவ்வொரு பானையின் அளவையும் தலை குனிந்தபடி சொல்லிக்கொண்டே போனார். எந்த வீட்டில் அடிப்பானையைச் சுரண்டுகிறார்கள், எந்த வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும் ஊற்றுகிறார்கள் என்று எல்லாம் அவரிடம் இருந்தது. அத்தனை நாளும் அவர் நடந்தது இதைக் கேட்டுக்கொண்டுதான். கேட்டுவிட்டுத்தான் எங்களை வழியில் மறித்துச் சீனி போட்ட தேத்தண்ணி தந்திருக்கிறார். பிளென்ரி என்று சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அம்மா என்னிடம் கேட்டாள், வாடிவீட்டார் எங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று. நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார் என்றேன். வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதில் நானும் அவளுடைய மகள்தானே.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இல்லைப் பிள்ளை. அவற்ர அந்தச் சொல்லு எங்களுக்கெல்லாம் தெரியும். எங்கட வீட்டில அதை அவர் சொல்லேல்லை. மற்ற வீட்டிலயும் சொல்லேல்லையாம்."

எட்டு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. அந்த ஒரு சொல் வரும் வரும் என்று எட்டு வீட்டிலும் காத்திருந்திருக்கிறார்கள், அது வரவில்லை. ஒருவரும் அவரை மறித்து, நான் அப்படிச் சொல்லவில்லையே என்று கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு முன்னால் இருந்து சாப்பிடும்படி அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இருந்த சோற்றை இரண்டாகப் பிரித்தோம்.

அவர்தான் ஆளையே காணவில்லை. கடைக்குப் போவார், வருவார், படலையைச் சாத்திக்கொள்வார். தேத்தண்ணிக்குக் கூப்பிடுவதில்லை, மாலையில் நடப்பதில்லை. நான் போய்ப் படலையில் நின்று பேச்சுக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவை அவர் அக்கா என்றுதான் சொல்லுவார்.

"அக்கா இருக்கு எண்டு சொல்ல, நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை. முப்பது வருசத்தில ஒரு வீட்டு மரியாதையையும் நான் இப்பிடி வெளியில கொண்டுபோய்ப் போட்டதில்லை."

நீங்கள் சொன்னதுதானே உண்மை என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

இரண்டு கிழமையில் முழு அரிசியும் வந்தது, விட்டுப்போன பாதியும் சேர்த்து. சனம் அதைத் தலையிலும் சைக்கிளிலும் ஏற்றிக்கொண்டு போன அன்று, அம்மா குளித்து, பெரிய பானையை எடுத்தாள். முரசுமோட்டையில் அருவி வெட்டு நாளில் நெல் அறுக்கிற ஆட்களுக்குச் சமைக்கிற பானை அது. இங்கே வந்து அடுப்பில் ஏறியதில்லை. பருப்பும் கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். என்னை அனுப்பி அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். வரமாட்டேன் என்றார். அம்மா காத்திருப்பா, நீங்கள் வராமல் சாப்பிடமாட்டா என்றேன். அந்த வார்த்தைக்கு எழும்பினார்.

வாசலில் தயங்கி நின்றவரை அம்மா உள்ளே வரச் சொல்லி, குசினிக்குப் பக்கத்தில் பாயில் இருத்தினாள். "இருங்கோ தம்பி" என்றாள். அதுவரை அவள் அவரை வாடிவீட்டார் என்றுதான் சொல்லிவந்தாள். இலை போட்டுச் சோற்றை வைத்தாள். இரண்டு அகப்பையில் அவர் கையால் மறித்து, காணும், போதும் என்றார். அவள் கேட்கவில்லை, மூன்றாவதும் வைத்தாள். அவர் சோற்றைத் தொடாமல் இருந்தார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"உங்களுக்கு, அக்கா?"

அம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஒரு ஆங்கிலச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"பிளென்ரி" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய் எங்கள் இருவருக்கும் சோறு எடுத்தாள். வாடிவீட்டார் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். நானும் காதைக் கொடுத்தேன். அகப்பை பானைக்குள் போனது. விளிம்பில் தட்டவில்லை, அடியில் உரசவில்லை. தொம் என்று ஒரு அமுக்கம் மட்டும் கேட்டது. இரண்டாம் முறையும் அப்படியே.

"ஓம்" என்று தலையாட்டிவிட்டு, அவர் சாப்பிடத் தொடங்கினார்.